முன் இடது சக்கரம்

அந்த மருத்துவமனையில் டாக்டர்களே நின்று நின்று கால் கடுத்துப் போகிறார்கள், காலையில் ஏறினால் மாலை வரை உட்கார்ந்தே இருக்கிற மகாராஜா ஒருத்தர்தான் என்று ஊழியர்கள் கேலி செய்வார்கள். மகாராஜா என்பது புல்வெட்டும் வண்டியை ஓட்டுகிறவர். சிவப்பு வண்டி, கறுப்பு இருக்கை, இருக்கையின் கிழிசலை மறைக்க ஒரு பழைய துண்டு. அதன்மேல் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, வண்டியின் வயிற்றுக்கடியில் கத்தி சுழல, முன்புறப் புல்வெளியை வரிவரியாக வெட்டிக்கொண்டு போவதைப் பார்த்து யாரோ ஒரு நர்ஸ் வைத்த பெயர் சவாரி. பெயர் வைத்த நர்ஸ் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டாள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

"என்ன சவாரிண்ணே, ஊர்வலம் கிளம்பியாச்சா?" என்று கேட்பார்கள்.

"கிளம்பியாச்சு, வழியை விடு" என்பார்.

கேலி அவருக்குப் பிடிக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். பிடிக்கத்தான் செய்தது. கேலி நடக்கும்வரை, இந்த மனுஷன் ஏன் வண்டியை விட்டு இறங்குவதே இல்லை என்று எவனும் யோசிக்கப் போவதில்லை.

அவருடைய இடது முழங்கால் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மடக்கினால் நீட்ட வராது, நீட்டினால் மடக்க வராது. நல்லவேளை, வண்டியின் பெடல்கள் எல்லாம் வலது பக்கம். இடது கால் ஓரமாகச் சும்மா கிடந்தால் போதும். இருக்கையில் இருக்கும்வரை அவர் முழு ஆள். இறங்கினால்தான் வண்டவாளம் தெரிந்துவிடும். கேட்டிலிருந்து வண்டிக் கொட்டகை வரை பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடப்பார். கொட்டகைக்குப் பின்னால் போனதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டுவார். மருத்துவமனைக்குள்ளேயே வேலை பார்த்துக்கொண்டு முழங்காலை எந்த டாக்டரிடமும் காட்டாத ஆள் உலகத்திலேயே அவராகத்தான் இருப்பார். காட்டினால் எழுதிவிடுவார்கள். எழுதினால் அது மேற்பார்வையாளர் மேடத்தின் மேசைக்குப் போகும். அதனால் முழங்கால் என்று ஒன்று தனக்கு இருப்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

மேடம் வேறு அந்தச் சமயம் பார்த்துத் தோட்ட ஊழியர்களைக் கூப்பிட்டு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். அடிக்கடி பழுதாகி நிற்கிற இயந்திரங்களை இனி வைத்துக்கொள்ளப் போவதில்லை. புல்வெளியை வெட்ட வெளியாட்கள் வருவார்கள். இங்கே இருப்பவர்கள் தோளில் மாட்டுகிற மெஷினை வைத்துக்கொண்டு நடைபாதை ஓரங்களைச் சுத்தம் செய்தால் போதும்.

தோளில் மெஷினை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நடக்க வேண்டும். வண்டி நின்றால் நடக்க வேண்டும், நடந்தால் நாலு அடியில் குட்டு உடைந்துவிடும், உடைந்தால் அப்புறம் வீட்டில்தான் உட்கார வேண்டும். அன்று மதியம் கொட்டகைக்குத் திரும்பியதும் வண்டியின் முன்பக்கத்தைத் தட்டிக்கொடுத்து, "நீயாவது என் மானத்தைக் காப்பாத்து" என்றார்.

அது காப்பாற்றுகிற நிலைமையில் இல்லை. அந்த வாரமே முன் இடது சக்கரத்தில் காற்று இறங்க ஆரம்பித்தது. சாயங்காலம் விடும்போது கல் மாதிரி இருக்கும். காலையில் வந்து பார்த்தால் டயர் சப்பென்று ரிம்மோடு ஒட்டிக் கிடக்கும், வண்டி ஒரு பக்கமாகத் தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். அவருக்கும் இடது, வண்டிக்கும் இடது. நல்ல ஜோடி.

காற்று இறங்கிய டயரோடு ஓட்டினால் கத்தி சாய்ந்துவிடும். ஒரு பக்கம் மண் தெரிய வழிக்கும், இன்னொரு பக்கம் முடி வெட்டத் தெரியாதவனிடம் தலையைக் கொடுத்த மாதிரி திட்டுத்திட்டாக நிற்கும். மருத்துவமனையின் பணிமனைக்குக் கொண்டுபோனால் ஃபிட்டர் பார்த்துக் கொடுத்துவிடுவான். ஆனால் பணிமனைக்குள் போன வண்டி என்று மேடம் காதுக்குப் போகுமே! அதனால் சவாரி காதும் காதும் வைத்த மாதிரி காரியத்தைத் தானே முடித்துவிடத் தீர்மானித்தார்.

ட்யூப் இல்லாத அந்த டயரைத் தடவிப் பார்த்ததில் ஒரு முள் அகப்பட்டது. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் குச்சியும் பசையும் வாங்கி வந்தார். லீவு நாள் ஒன்றில், ஏதோ மறந்துபோய் எடுக்க வந்தவர் போலக் கொட்டகைக்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்வது மரியாதைக்குத்தான், விழுந்தார். முள்ளைப் பிடுங்கி, ஓட்டையைக் குடைந்து, பசை தடவிய குச்சியைத் திணித்து, மிச்சத்தை பிளேடால் சீவிவிட்டார். காற்று அடித்து, அந்த இடத்தில் எச்சிலைத் தொட்டு வைத்துப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. எழுந்திருக்கத்தான் படாத பாடு பட்டார். மட்கார்டைப் பிடித்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, இருக்கையைப் பிடித்து, நடுவில் இரண்டு தடவை வழுக்கி, கடைசியில் நின்றபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் முகத்தில் வெற்றிக் களை.

"போட்டேன் பாரு ஒரு ஒட்டு! டயர் தேஞ்சு போனாலும் அந்த ஒட்டு போகாது" என்றார் வீட்டுக்கு வந்து.

மனைவி சுடுதண்ணீர்ப் பையை அவருடைய முழங்கால்மேல் வைத்தாள். முழங்கால் வீங்கித் தலைகாணி மாதிரி இருந்தது. அவளும் அதே மருத்துவமனையில்தான் வேலை பார்த்தாள், பின்புறம் சலவைக்கூடத்தில். ஈரப் படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து உருவி உலர்த்தியில் போடுகிற வேலை. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் மதியம் வரை உட்கார நாற்காலி கிடையாது.

மறுநாள் சவாரி போய்ப் பார்த்தால் டயர் பழையபடி சப்பை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. பம்பை எடுத்துக் குனிந்து, வலியில் கண் இருட்ட இருட்டக் காற்று அடித்து ஓட்டினார். சாயங்காலம் வீட்டில் கொஞ்சம் சுருதி இறங்கியிருந்தது.

"ஒட்டு இன்னும் சரியாப் பிடிக்கலை போல. பசை காயணும்ல? நாளைக்குப் பாரு, நிக்கும்."

"நிக்கும்ங்க" என்றாள் அவள்.

நின்றது. அடுத்த நாள் காலையில் டயர் கொழுகொழுவென்று இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. சவாரிக்குத் தலைகால் புரியவில்லை. கொட்டகைக்குள் வேறு யாரும் இல்லாததால் வண்டியிடமே பீற்றிக்கொண்டார். வீட்டில் சோறு உள்ளே போகும்போதெல்லாம் ஒட்டின் பெருமை வெளியே வந்தது. ஃபிட்டர் பயலுக்குக்கூட இப்படி ஒரு ஒட்டுப் போட வராது என்றார். நானெல்லாம் பணிமனையில் இருந்திருக்க வேண்டிய ஆள் என்றார். மேடம் ஒருநாள் போகிற போக்கில், "புல்வெளி நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போக, அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பாதி நாள் அந்தத் தலையாட்டலே தூக்கத்தில்தான் நடந்தது. முன்பெல்லாம் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவி, அக்கம்பக்கத்துக் கதை நாலு பேசிவிட்டுப் படுப்பவள், இப்போது தட்டில் கை இருக்கும்போதே கண் சொருகினாள். வலது தோளை அடிக்கடி பிடித்துவிட்டுக்கொண்டாள். காலையிலும் முன்னைவிட வெகு சீக்கிரம் கிளம்பினாள். அவர் கண்விழிக்கும்போது பக்கத்தில் வெறும் போர்வைதான் கிடக்கும்.

"என்ன, சலவைக்கூடத்துல உனக்குச் சிலை வைக்கப் போறாங்களா? இப்படி விழுந்து விழுந்து ஓடறே!"

"துணி அதிகமா வருதுங்க. முன்னாடியே போனா முடிச்சிடலாம்."

"நாலு பேர் செய்யற வேலையை நீ ஒருத்தியே இழுத்துப் போட்டுக்காதே" என்று அறிவுரை வேறு சொன்னார் அந்தப் புத்திசாலி.

மழை விட்டு விட்டுப் பெய்கிற ஒரு வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. எழுந்து நிற்க முடியவில்லை, சலவைக்கூடத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டுப் படுத்தாள். அவர் அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தாமதமாகவே வேலைக்குப் போனார். கொட்டகைக் கதவைத் திறந்தால், வண்டி தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றது. டயர் தரையோடு தரையாகக் கிடந்தது.

சவாரிக்கு நம்ப முடியவில்லை. இத்தனை நாள் கல்லாக நின்ற டயர்! பம்பைத் தேடி எடுத்துக் காற்று அடித்தார். எத்தனை அடித்தாலும் உஸ்ஸென்று பாதிக் காற்று வாய்ப்பக்கமே வெளியே போனது. எப்படியோ ஏற்றி ஓட்டினார். நாள் முழுக்க அவருடைய கண் அந்தச் சக்கரத்தின்மேலேயே இருந்தது. வெட்டிய வரிகள் எல்லாம் கோணல்.

சாயங்காலம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து புலம்பினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியில் ஈரத்துணியோடு கிடந்தாள்.

"நம்பி இருந்தேன். காலை வாரிடுச்சு. ஒரே ராத்திரியில ஒட்டு எப்படிப் போகும்? பம்பும் உருப்படியில்லை. அடிக்கிற காத்தெல்லாம் வெளியே போகுது."

"கைப்பிடியை இடது பக்கமாச் சாய்ச்சுக்கணும்" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "நேரா நிறுத்தினா காத்து நிக்காது. சாய்ச்சு, பம்போட ட்யூபைக் காலால மிதிச்சுக்கிட்டு அடிக்கணும். தோள் விட்டுப் போகும். பரவாயில்லை... நாளைக்கு நான் போய் அடிச்சிடறேன். நீங்க குனியாதீங்க."

அந்தப் பம்பு கொட்டகையை விட்டு வெளியே வந்ததே இல்லை.

அவள் சொன்னது அவளுக்கே தெரியாது. காய்ச்சல் வேகத்தில் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போர்வைக்கு வெளியே கிடந்த வலது கையை அவர் பார்த்தார். உள்ளங்கையில், விரல்கள் ஆரம்பிக்கிற இடத்தில், வரிசையாகக் காய்ப்பு. ஈரத்துணி உருவுகிற கையில் காய்ப்பு வராது, தோல்தான் ஊறிப்போகும். இதைக்கூடப் பார்க்காமல் தினமும் எதிரே உட்கார்ந்து ஒட்டின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது. அவளை எழுப்பி, ஏன் சொல்லவில்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது. சொல்லியிருந்தால் அவர் மறுநாளே போய்க் குனிந்திருப்பார். முழங்கால் அந்த வாரமே முழுசாகப் போயிருக்கும். அது அவளுக்குத் தெரியும். போதாக்குறைக்கு அந்த ஒட்டைப் பற்றி அவர் அடித்த தம்பட்டம் வேறு. அதை உடைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலை சவாரி வண்டிக்குக் காற்றே அடிக்கவில்லை. நேராகப் பணிமனைக்கு நடந்தார். நேராக என்றால் வழிதான் நேர், நடை நொண்டல். பல்லைக் கடித்துக்கொள்ளத் தெம்பில்லை, நொண்டிக்கொண்டேதான் போனார்.

ஃபிட்டர் டீ குடித்துக்கொண்டிருந்தான். "அண்ணே, என்ன கால்ல?"

"காலை விடு. வண்டியோட முன் சக்கரத்தைப் பாரு" என்றார்.

ஃபிட்டர் ஜாக்கியோடு கொட்டகைக்கு வந்து வண்டியின் மூக்கைத் தூக்கினான். அச்சின் மூடியையும் கிளிப்பையும் கழற்றிச் சக்கரத்தை உருவினான். டயரில் காற்றை ஏற்றி, ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கி, டயர் முழுக்க பிரஷ்ஷால் தடவினான். சவாரி எதிரே தரையில் இறங்கி உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த ஒட்டு யார் போட்டது?"

"நான்தான். பாடாவதி ஒட்டு."

"இல்லைண்ணே. நல்லாத்தான் போட்டிருக்கீங்க. பாருங்க, ஒரு குமிழிகூட வரலை."

சவாரி குனிந்து பார்த்தார். உண்மைதான். ஒட்டு சமர்த்தாக இருந்தது. குமிழி வந்தது வேறு இடத்தில். டயரின் ஓரம் ரிம்மைக் கவ்வுகிற இடத்தில், பாதி வட்டத்துக்கு, பொடிப்பொடியாக நுரை பொங்கிக்கொண்டிருந்தது. ஃபிட்டர் நெம்புகோலால் டயரின் ஓரத்தை நெம்பிக் காட்டினான். உள்ளே ரிம் முழுக்கத் துரு, செதில் செதிலாக.

"வண்டியைத் தண்ணி ஊத்திக் கழுவுறீங்களா?"

"தினமும் சாயங்காலம்" என்றார் சவாரி. அதிலும் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. புல்லுக்குப் போடுகிற உரம் சக்கரத்தில் ஒட்டும் என்று ஒரு நாள் தவறாமல் கழுவுவார்.

"கழுவிட்டுத் துடைக்கிறதில்லையா?"

துடைப்பதில்லை. துடைக்கக் குனிய வேண்டும். குழாயை நின்ற இடத்திலிருந்தே பீய்ச்சலாம். உரமும் தண்ணீரும் ரிம் ஓரத்தில் ராத்திரியெல்லாம் தேங்கி நின்றிருக்கின்றன. ஆக, துருவுக்கும் காரணம் அந்த முழங்கால்தான்.

ஃபிட்டர் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, ரிம் ஓரத்தில் கறுப்புப் பசை பூசினான். டயரைத் திரும்பப் பொருத்தியபோது அது ரிம்மைக் கவ்வ மறுத்தது. அடிக்கிற காற்றெல்லாம் இரண்டு பக்கமும் வழிந்தது. "ஒரு கயிறு கொடுங்கண்ணே" என்றான். டயரைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி, ஒரு கட்டையைச் செருகி முறுக்கினான். முறுக்க முறுக்க டயரின் ஓரங்கள் விரிந்து ரிம்மில் போய் உட்கார்ந்தன. சவாரி கட்டையைப் பிடித்துக்கொள்ள, அவன் காற்றை ஏற்றினான். டப் என்று ஒரு சத்தம், உடனே இன்னொரு டப். மறுபடியும் சோப்புத் தண்ணீர். குமிழி இல்லை.

அவ்வளவுதான் வேலை. ஃபிட்டர் வைத்துவிட்டு வந்த டீ ஆறுகிற நேரம்தான். இந்த அற்பக் காரியத்துக்காகத்தான் ஒருத்தி விடியும் முன்னால் எழுந்து, ஆளில்லாத கொட்டகைக்குள் தோள் விட்டுப்போக அடித்திருக்கிறாள். சவாரி கையிலிருந்த கட்டையை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேடம் வந்தது அப்போதுதான். "என்ன ஆச்சு வண்டிக்கு?"

சவாரி எழுந்திருக்கப் பார்த்தார். மட்கார்டைப் பிடித்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, இருக்கையைப் பிடித்து. நடுவில் வழுக்கியது. ஃபிட்டர் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். மேடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் களைத்துத்தான் இருந்தாள். கண்ணுக்கடியில் கருவளையம், கையில் ஓயாமல் அடிக்கிற போன்.

"மேடம், ரொம்ப நாளாவே என் முழங்கால்..."

"நான் வண்டியைக் கேட்டேன். ஓடுமா?"

"ஓடும் மேடம்" என்றான் ஃபிட்டர். "டயர்ல கொஞ்சம் காத்து இறங்கிச்சு. சரி பண்ணியாச்சு."

"புல் வெட்டுமா?"

"வெட்டும்" என்றார் சவாரி.

"அப்ப போய் வெட்டுங்க. மத்ததைப் பத்தி நானும் எதுவும் கேட்கலை, நீங்களும் எதுவும் சொல்லலை. மேலேயிருந்து யாராவது கேட்டா அன்னைக்குப் பார்த்துக்கலாம்." போன் மறுபடி அடித்தது. பேசிக்கொண்டே போய்விட்டாள்.

அது இரக்கமா, இன்னொரு தலைவலி வேண்டாம் என்ற நினைப்பா என்று சவாரிக்குப் புரியவில்லை. ஆராயவும் தெம்பில்லை. ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார்.

காய்ச்சல் விட்டு, அவள் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள். ஜன்னலில் வெளிச்சம் வரவில்லை. அவள் பழைய நேரத்துக்கே எழுந்து, முகம் கழுவி, உடை மாற்றி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கான்வாஸ் ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். அன்று அவர் தூங்கவில்லை.

"எங்கே இவ்வளவு சீக்கிரம்?"

"துணி சேர்ந்து போயிருக்கும்ங்க."

"துணி இருக்கட்டும். டயர்ல காத்து நின்னுடுச்சு."

நாடாவைக் கட்டிய கை அப்படியே நின்றது. "எந்த டயரு?"

"பம்பைச் சாய்ச்சுப் பிடிக்கணுமே, அந்த டயரு."

அவள் திரும்பவில்லை. முதுகு மட்டும் கொஞ்சம் தளர்ந்தது. "நிஜமாவே நின்னுடுச்சா?" என்றாள்.

"நேத்தும் பார்த்தேன், முந்தாநாளும் பார்த்தேன். யாரும் காத்து அடிக்கலை. நிக்குது."

"உங்க ஒட்டு?"

"அது நல்லாத்தான் இருந்துச்சாம். ஓட்டை வேற இடத்துல. ஃபிட்டரே சொன்னான்."

"நல்லவேளை" என்றாள். அதில் கேலி துளியும் இல்லை. அப்புறம், சலவைக்கூடத்தில் லீவு கேட்கிற அதே குரலில், "அப்ப நான் இன்னும் கொஞ்ச நேரம் படுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

அவர் படு என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் சாய்ந்துவிட்டாள். சாய்ந்த வேகத்திலேயே மூச்சு சீராகிவிட்டது. கால் இரண்டும் ஷூவோடு கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன.

சவாரி அந்தக் கால்களைப் பார்த்தார். ஷூவைக் கழற்றினால்தான் அவளால் நீட்டிப் படுக்க முடியும். கழற்ற வேண்டுமானால் மண்டியிட வேண்டும். கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, சத்தம் வராமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார். முழங்கால் தரையைத் தொட்டபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொரு ஷூவாக உருவி, கால்களைத் தூக்கிக் கட்டிலில் வைத்தார். அவள் அசையவில்லை.

இறங்கியாயிற்று, இனி எப்படி எழுந்திருப்பது? கட்டிலைப் பிடித்துத்தான் எழ வேண்டும். பிடித்தால் கட்டில் ஆடும், அவள் விழித்துக்கொள்வாள். சுவரில் முதுகைச் சாய்த்து, இடது காலை நீட்டிக்கொண்டு, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கடிகாரம் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. ஐந்தரை மணிக்கு எழுப்பினால் போதும். அதுவரை தூங்கட்டும். எழுந்ததும் அவள்தான் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும்.